கோலார் தங்கவயல் எவ்வளவு ஆழம்?

கோலார் தங்கவயலின் ஆழத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். உலகத்திலேயே ஆழமான சுரங்கம் என்பார் ஒருவர். தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்தது இதுதான் என்பார் இன்னொருவர். இரண்டு மைல், மூன்று கிலோமீட்டர், பத்தாயிரத்து ஐந்நூறு அடி, பன்னிரண்டாயிரம் அடி என்று எண்களும் வாய்க்கு வாய் மாறும். இவற்றில் சில சரியானவை. சில ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. சில எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அடிவரை இறங்கி அளந்து பார்க்க இனி வழியில்லை. ஆகவே எந்த எண் எதை அளந்து வந்தது என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த ஆழத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து போன தமிழர்கள். அதனால் இந்தக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளும் கடமை நமக்குக் கூடுதலாகவே உண்டு.

இந்தக் குழப்பம் கோலாருக்கு மட்டும் வந்ததல்ல. உயரத்தைச் சொல்வதிலும் இதே கதைதான். நார்வேயின் மேற்கு மலைகளில் வோரிங்ஃபோசென் என்று ஓர் அருவி இருக்கிறது. 1821இல் கிறிஸ்டோபர் ஹான்ஸ்டீன் என்ற வானியல் பேராசிரியர் அங்கே போனார். பாறை விளிம்பிலிருந்து கற்களைப் போட்டு, அவை கீழே போய்ச் சேர எத்தனை நொடி ஆகிறது என்று தன் கடிகாரத்தில் பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். 280 மீட்டர் என்று வந்தது. 1893இல் கயிறு விட்டு அளந்தபோது 163 மீட்டர்தான் இருந்தது. கல் விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், 163 மீட்டர் விழ ஆறு நொடிக்குச் சற்றுக் குறைவாகவும் 280 மீட்டர் விழ ஏழரை நொடியும் ஆகும். இரண்டு நொடிகூட இல்லாத வித்தியாசம் அருவியை நூறு மீட்டருக்கு மேல் உயர்த்திவிட்டது. இன்று அதே அருவிக்கு 182 மீட்டர் என்றும் எழுதுகிறார்கள். அது பிழையல்ல. 182 என்பது மொத்த வீழ்ச்சி, 163 என்பது தண்ணீர் எதிலும் படாமல் ஒரே பாய்ச்சலாக விழும் உயரம்.

நார்வேயின் மற்ற அருவிகளுக்கும் இந்த இரட்டைக் கணக்கு உண்டு. மார்டால்ஸ்ஃபோசென் சில பட்டியல்களில் 705 மீட்டர். ஆனால் அதன் பெரிய பாய்ச்சல் 297 மீட்டர். வின்னுஃபோசென் சுமார் 860 மீட்டர் என்று ஐரோப்பாவின் உயர்ந்த அருவிகள் வரிசையில் நிற்கிறது. அது பாறையில் பட்டுப் பட்டு இறங்குவது. வெட்டிஸ்ஃபோசென் வெறும் 275 மீட்டர்தான், ஆனால் அத்தனையும் ஒரே வீழ்ச்சி. எது உயர்ந்தது என்ற கேள்விக்கு, எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமல் விடை சொல்ல முடியாது. கர்நாடகத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜோக் அருவி 253 மீட்டர், அதாவது 830 அடி. பள்ளிக்கூட நாளில் அதைத்தான் நாட்டிலேயே உயர்ந்த அருவி என்று பலர் படித்தோம். பிறகு 455 மீட்டர் என்று குஞ்சிக்கல் அருவி பட்டியலின் உச்சிக்கு வந்தது. அது படிப்படியாகச் சரிந்து இறங்கும் அருவி. அதன் தண்ணீரும் வாராகி நீர்மின் திட்டத்துக்குத் திருப்பப்பட்டுவிட்டதால், ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே அருவியே இல்லை. ஒரே பாய்ச்சல் என்று பார்த்தால் மேகாலயாவின் 340 மீட்டர் நோக்கலிகாய்தான் முன்னே வரும்.

அருவிக்கு உயரம் போலவே சுரங்கத்துக்கு ஆழம். எந்த மட்டத்திலிருந்து, எந்தக் கோட்டின் வழியே, எந்த ஆண்டில் என்ற மூன்றும் சேர்ந்து வராத எண் அரை எண்தான். கோலாரின் எண்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் தொலைத்துவிட்டுத்தான் ஊர் சுற்றுகின்றன.

முதலில் எது கோலார் தங்கவயல் என்பதே தெளிவாக வேண்டும். அது ஒரே குழியல்ல. வடக்கு தெற்காகச் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாம்பியன் லோடு என்ற தங்கப் பாறை ஓடுகிறது. அதன்மேல் வரிசையாக மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று நான்கு பெரிய சுரங்கங்கள் இருந்தன. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தால் உரிகம், சாம்பியன் என்று சுரங்கப் பெயர்களே நிலையப் பெயர்களாக வரும். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஆழம் வேறு. இரண்டு மைல் என்று சொல்லப்படும் ஆழம் சாம்பியன் ரீப் சுரங்கத்தினுடையது மட்டும். அதைத் தங்கவயல் முழுவதற்கும் பூசுவது முதல் பிழை.

தொடக்கத்தில் இந்த இடம் ஆழமானதே அல்ல. 1802இல் மைசூர் அரசின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பத்துப் பக்கம் ஊர்க்காரர்கள் குழி தோண்டிப் பாறை எடுத்து, இடித்து, அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதினார். அந்தக் குறிப்பைப் படித்த மைக்கேல் லெவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் பொறுப்பேற்றது. முதல் சில ஆண்டுகளில் போட்ட பணம் கரைந்துபோய் வேலையை நிறுத்திவிடும் நிலை வந்தது. 1880களின் நடுவில், பழங்காலத்துக் குழிகளுக்கு அடியில் இறங்கிய பிறகுதான் சாம்பியன் லோடு கிடைத்தது. அதாவது கோலாரின் கதையே, முன்னோர் நிறுத்திய ஆழத்துக்குக் கீழே போய்ப் பார்த்ததில் தொடங்குகிறது.

அந்த லோடு நேராகக் கீழே இறங்கவில்லை. மேற்பகுதியில் மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்கி, ஆழம் போகப் போகச் செங்குத்தாகிறது. ஆரம்பகாலக் குழிகள் பல அந்தச் சாய்வைப் பின்பற்றியே வெட்டப்பட்டன. சாய்வில் ஆயிரம் அடி இறங்கினால் செங்குத்தில் ஆயிரம் அடி ஆகாது. 45 டிகிரிச் சாய்வென்றால் 707 அடிதான். பழைய அறிக்கைகளில் இருக்கும் ஆழங்களை இன்றைய எண்களோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் கணக்கு தப்பும். வோரிங்ஃபோசெனின் 163, 182 போலத்தான் இதுவும். இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு கோட்டின் நீளம்.

இன்னொன்று, மேலேயிருந்து அடிவரை ஒரே குழியாகப் போகும் ஷாப்ட் அங்கே எதுவும் இருந்ததில்லை. சாம்பியன் ரீப்பின் கிப்போர்டு ஷாப்ட் பெரியதுதான், ஆனால் அதுவும் அடித்தளத்துக்குப் போகவில்லை. மேலே கேஜ் என்ற தூக்குக்கூண்டில் ஏறி இறங்கியவர்கள் ஓர் இடத்தில் வெளியே வந்து, பாறைக்குள் வெட்டிய நடைபாதையில் நடந்து, நிலத்துக்கு அடியிலேயே நிறுவியிருந்த இன்னொரு விசைப்பொறியின் கேஜில் ஏறி, மேலும் கீழே போனார்கள். ஆழமான லெவல்களுக்கு, அதாவது கீழ்த்தளங்களுக்கு, அதற்குப் பிறகும் ஒரு மாற்றம் உண்டு. இதற்குக் காரணம் கம்பிவடம்தான். குழி நீள நீள வடத்தின் எடையே கேஜின் எடையைவிட அதிகமாகிவிடும். தன் எடையையும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும் வடத்துக்கு ஒரு நீள வரம்பு இருக்கிறது. எனவே உலகின் மிக ஆழமான ஷாப்ட் என்பதும் மிக ஆழமான சுரங்கம் என்பதும் இரண்டு தனித்தனிப் பட்டங்கள். இவற்றைக் கலந்துவிட்டுப் பேசும்போதுதான் மேலிருந்து கல்லைப் போட்டால் இரண்டு மைலும் விழும் என்ற கற்பனை வருகிறது.

உண்மையில் கல்லைப் போட்டு அளப்பது சுரங்கத்தில் நடக்காத காரியம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. மேலே இருக்கும் கல், குழியின் அடித்தளத்தைவிடச் சற்று அதிக வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் விழும்போது கிழக்கே ஒதுங்கும். கோலாரின் அட்சரேகையில், காற்றில்லாத 2 கிலோமீட்டர் குழி என்று வைத்துக்கொண்டால் கல் விழ 20 நொடி ஆகும், ஒதுக்கம் இரண்டு மீட்டரை நெருங்கும். அடியை எட்டுமுன் பக்கச் சுவரில் மோதிவிடும்.

பிறகு எப்படி அளந்தார்கள்? சர்வேயர்கள் எஃகு நாடாவைக் குழிக்குள் தொங்கவிட்டு, ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு என்று பகுதி பகுதியாக ஆழத்தைக் கீழே கொண்டுபோனார்கள். நாடா தன் எடையாலேயே நீளும், அதைக் கழிக்க வேண்டும். மேலே குளிர்ந்திருக்கும் நாடா கீழே சூட்டில் இன்னும் நீளும், அதற்கும் ஒரு திருத்தம். திசையைக் கீழே கொண்டுபோவது இதைவிடக் கடினம். ஷாப்டில் இரண்டு மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டு, அடியில் கனமான குண்டுகளைக் கட்டி, குண்டு ஆடாமல் இருக்க அதை எண்ணெய் நிறைந்த வாளியில் மூழ்கவைப்பார்கள். குழிக்குள் எப்போதும் காற்று ஓடிக்கொண்டிருப்பதால் ஆட்டம் முழுதும் நிற்காது. பலமுறை பார்த்துச் சராசரி எடுப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் டாமராக் என்ற செம்புச் சுரங்கத்தில் 1901இல் இப்படித் தொங்கவிட்ட கம்பிகள், மேலே இருந்த இடைவெளியைவிட அடியில் விலகி நின்றன. பூமியே உள்ளே குழிந்திருக்கிறது என்ற அளவுக்குக் கதைகள் கிளம்பின. காரணம் குழிக்குள் ஓடிய காற்றுத்தான். ஒரு சுரங்க வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆழக் குறிக்குப் பின்னாலும் இந்த மாதிரி வேலை இருக்கிறது. வாய்மொழி எண்ணுக்கு அது இல்லை.

இப்படி அளந்து வந்த எண் சுமார் 3,200 மீட்டர். அடியில் சொன்னால் 10,500. சாம்பியன் ரீப் சுரங்கத்தின் மிகக் கீழான வேலையிடம், நில மட்டத்திலிருந்து செங்குத்தாக, இந்த அளவு. இரண்டு மைல் என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். ஆனால் சரியாக இரண்டு மைல் என்றால் 10,560 அடி. பேச்சு வழக்கின் முழு எண்ணை யாராவது திரும்ப அடிக்கு மாற்றினால் இல்லாத அறுபது அடி வந்து ஒட்டிக்கொள்ளும், அது துல்லியமாக அளந்த எண் போலவும் தோன்றும். 12,000 அடிக்கு எந்த ஆதாரமும் இல்லை. லெவல் எண்களும் ஆளைக் குழப்பும். ஏறக்குறைய நூறு அடிக்கு ஒரு லெவல் என்று எண் கொடுத்துவந்தார்கள். ஏறக்குறைய என்பதை விட்டுவிட்டு லெவல் எண்ணோடு நூறைப் பெருக்கினால் வருவது ஆழம் ஆகாது.

உலகத்தில் முதலாவதா, இரண்டாவதா என்ற கேள்விக்கு ஆண்டைச் சொல்லாமல் பதில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகின் மிக ஆழமான சுரங்கம் என்ற பெயருக்கு மூன்று பகுதிகள் போட்டியிட்டன. பிரேசிலின் மோரோ வெல்யோ ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய சுரங்கங்கள் ஒன்று, கோலாரின் உரிகமும் சாம்பியன் ரீப்பும் ஒன்று. ஒருவர் நூறு அடி முந்துவார், அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர் தாண்டுவார். அந்தக் காலத்தில் கோலாரை உலகின் ஆழமான சுரங்கம் என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. 1950களின் பிற்பகுதியில் ஜோகன்னஸ்பர்க்கின் கிழக்கே இருந்த ஈஸ்ட் ராண்ட் சுரங்கம் 11,000 அடியை எட்டியது. அது கடைசியில் 3,585 மீட்டர் வரை போனது. தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்து இரண்டாவது என்ற பேச்சு அந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். அதற்குப் பிறகு கார்ல்டன்வில் வட்டாரத்தில் டாவ்டோனா 3.9 கிலோமீட்டர் வரை இறங்கியது, ம்போனெங் நான்கு கிலோமீட்டரை ஒட்டிப் போயிற்று. அந்த நாட்டின் வேறு சில சுரங்கங்களும் 3.2 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ஆகவே கோலார் மூடப்பட்ட நாளிலேயே அது உலகில் இரண்டாவது அல்ல. இரண்டாவது நாடு என்று சொன்னால் அது வேறு பேச்சு. நாட்டை எண்ணிய வாக்கியம் எப்போதோ சுரங்கத்தை எண்ணிய வாக்கியமாக மாறிவிட்டது. இந்தியாவில் இதைவிட ஆழமான சுரங்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இங்கேதான் எந்த மட்டத்திலிருந்து என்ற கேள்வி சுவையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேலே 850 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். 3,200 மீட்டர் ஆழம் என்றால் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 2,300 மீட்டர். ஜோகன்னஸ்பர்க் வட்டாரமோ கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,600 மீட்டர். ஈஸ்ட் ராண்டின் 3,585 மீட்டரில் அந்த உயரத்தைக் கழித்தால் கடல் மட்டத்துக்குக் கீழே 2,000 மீட்டர்கூட வராது. அதாவது கடல் மட்டத்தை வைத்துப் பார்த்தால், பட்டத்தைப் பறித்துக்கொண்ட ஈஸ்ட் ராண்டைவிடச் சாம்பியன் ரீப் கீழே இருக்கிறது. ம்போனெங்கும் இந்தக் கணக்கில் கோலாரைவிடப் பெரிதாக ஒன்றும் கீழே இல்லை. இவை எல்லாவற்றையும் தாண்டிக் கனடாவின் கிட் கிரீக் என்ற செம்பு, துத்தநாகச் சுரங்கம் முன்னே வந்துவிடும். நில மட்டத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான் ஆழம், ஆனால் அந்த நிலம் தாழ்வானது என்பதால் அதன் அடி கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 2.7 கிலோமீட்டரில் இருக்கிறது. தரவரிசையில் கோலாரின் இடத்தைத் தொடக்க மட்டம் ஒன்றே மாற்றிவிடுகிறது. சுரங்கத் தொழிலாளிக்கும் பொறியாளருக்கும் தேவைப்படுவது நில மட்டத்திலிருந்து வரும் ஆழம். தலைக்கு மேலே எவ்வளவு பாறை அழுத்துகிறது, எவ்வளவு தூரம் வடம் இழுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஆகவே அதையே ஆழம் என்று வைத்துக்கொள்வது நியாயம். ஆனால் அப்படித்தான் வைத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இயற்பியலாளர்கள் மூலமாக வந்த ஒரு குழப்பமும் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1950களிலிருந்தே தங்கவயலுக்குள் காஸ்மிக் கதிர்களை அளந்துவந்தார்கள். ஆழம் போகப் போகத் துகள்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, 1960களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் வைத்த கருவி ஒன்றையும் பதிவு செய்யவில்லை. அப்படி மௌனமான இடத்தில்தான், பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோவின் விளைவைப் பார்க்க முடியும் என்று முடிவு செய்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் ஆகியோரின் குழுவும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களும் சேர்ந்து சாம்பியன் ரீப்பில் 7,600 அடி ஆழத்தில், அதாவது சுமார் 2.3 கிலோமீட்டரில், கருவிகளை நிறுவின. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் 1965இல் அங்கே கிடைத்தது. அதே சமயத்தில் பிரெடரிக் ரெய்ன்ஸின் குழு ஈஸ்ட் ராண்ட் சுரங்கத்தில் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் அதையே தேடிக்கொண்டிருந்தது. இரு குழுக்களின் முடிவுகளும் அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே அச்சேறின. ஆழத்துக்குப் போட்டியிட்ட இரண்டு சுரங்கங்கள் இதிலும் நேருக்கு நேர் நின்றன.

இதில் எண் சிக்கல் எங்கே? விஞ்ஞானிகள் ஆழத்தை அடியிலோ மீட்டரிலோ மட்டும் எழுதுவதில்லை. தலைக்கு மேலே உள்ள பாறை எத்தனை மீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம் என்று கணக்கிட்டு எழுதுகிறார்கள். கோலார்ப் பாறை அடர்த்தி மிகுந்தது, தண்ணீரைப் போல் மூன்று மடங்கு கனம். ஆகவே 2.3 கிலோமீட்டர் பாறை என்பது ஏறக்குறைய 7,000 மீட்டர் தண்ணீர். 2,760 மீட்டர் பாறை என்பது 8,400 மீட்டர் தண்ணீர். தண்ணீர்க் கணக்கு என்ற குறிப்பு நடுவழியில் விழுந்துவிட்டால், ஏழு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஆய்வகம் என்று செய்தி ஆகிவிடும். மனிதர் இறங்கிய எந்தச் சுரங்கமும் அந்த ஆழத்தை எட்டியதில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12,262 மீட்டர் வரை போன துளை ஒன்று உண்டு. அது ஆராய்ச்சிக்காகத் துளையிட்டது, சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லாத துளை. பெயர் ஒத்திருப்பதைத் தவிர அதற்கும் கோலாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சூட்டைப் பற்றிய நம்பிக்கையும் ஆழத்தோடு சேர்ந்தே வருகிறது. உலகச் சராசரியாகப் பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். அந்தக் கணக்குப்படி 3.2 கிலோமீட்டரில் பாறை தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டியிருக்க வேண்டும். கோலாரில் அப்படி இல்லை. தென்னிந்தியாவின் அடித்தளம் மிகப் பழைமையான பாறை, உள்ளிருந்து வெப்பம் மெதுவாகவே மேலேறுகிறது. மிக ஆழமான இடங்களில் பாறைச் சூடு 65 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் அவ்வளவு கீழே போயிருக்கவே முடியாது. அதற்காக அது லேசான சூடு அல்ல. பாறையில் வெறும் கையை வைக்க முடியாது. மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பியும், ஈரப்பதம் நிறைந்த புழுக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று துளைபோட்டவர்களின் உடம்பு அந்த ஆழத்தின் உண்மையான அளவுகோல்.

நார்வே அருவிகளிலிருந்து தொடங்கிய பேச்சுக்குக் கோலாரோடு நேரடியான ஓர் இணைப்பும் உண்டு. தங்கவயலின் ஆழம் ஓர் அருவியின் உயரத்தால் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, 92 மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் முனைந்து தொடங்கிய திட்டம் அது. ஜோலி டி லொட்பினியர் என்ற பொறியாளர் நடத்தி முடித்தார். அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோவது அன்றைய உலகில் அரிது. பெங்களூரின் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல்தான், அதற்கு மூன்று ஆண்டு முன்பே மாரிக்குப்பத்தில் மின்சாரம் ஓடியது. நீராவியை நம்பியிருந்தால் விறகும் நிலக்கரியும் வாங்கியே கம்பெனி களைத்திருக்கும். வடம் இழுக்கவும், தண்ணீர் இறைக்கவும், காற்று அழுத்தவும் மலிவான விசை கிடைத்ததால்தான் ஒவ்வொரு நூறு அடியும் கட்டுப்படியானது. நார்வே பல அருவிகளை மின்சாரத்துக்குக் கொடுத்ததும் இதே காலக்கட்டத்தில்தான் தொடங்கியது.

ஆழத்தின் விலையைச் சொல்லாமல் ஆழத்தை மட்டும் பெருமையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தங்கத்தை எடுத்த இடத்தில் வெற்றிடம் இருக்கும். மேலே இரண்டு, மூன்று கிலோமீட்டர் பாறையின் அழுத்தம் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் வந்து குவியும். ஒரு கட்டத்தில் பாறை வெடித்துச் சிதறும். பழைய பதிவேடுகள் இதை ஏர் பிளாஸ்ட் என்று எழுதின, பிறகு ராக் பர்ஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரங்கள் ஆடும், சுவர்கள் விரியும். கீழே யார் எந்த ஷிப்டில் இருக்கிறார்கள் என்று பெண்கள் ஷாப்டை நோக்கி ஓடுவார்கள். வெட்டிய இடத்தைத் தாங்க மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் கட்டும் முறை கோலாரில்தான் நன்றாக வளர்ந்தது. அந்தக் கல்லையும் மேலிருந்துதான் இறக்கினார்கள். பாறை வெடிப்பை ஆராயவென்றே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் தொடங்கப்பட்டது. வெடிப்புக்குத் தப்பியவர்களில் பலரை, துளைபோட்ட தூசி நுரையீரலில் படிந்த சிலிகோசிஸ் நோய் கொண்டுபோயிற்று.

இந்த உழைப்பைச் செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள் இங்கே கூலியும் ஓரளவு சுதந்திரமும் தேடி வந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசரின் வழியில் பௌத்த சங்கங்களை நிறுவினார்கள். அவர் நடத்திய தமிழன் இதழை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. உலகில் எத்தனையாவது என்ற பட்டம் இந்த மக்களுக்கு எதையும் கூட்டவில்லை. அந்தப் பட்டம் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதால் அவர்களிடமிருந்து எதுவும் குறையவும் இல்லை. 3,200 மீட்டர் என்ற சரியான எண் அவர்களுடையது. பொய்யான 12,000 அடி யாருடையதும் அல்ல.

2018இலும் 2022இலும் வந்த கே.ஜி.எப். திரைப்படங்கள் இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அவற்றில் வரும் நராச்சியும் அதன் அரசனும் கற்பனை. அதைக் குறை சொல்லத் தேவையில்லை, திரைப்படத்துக்கு அந்த உரிமை உண்டு. 2024இல் வந்த தங்கலான், சுரங்கம் தொடங்கிய காலத்தின் தமிழ்த் தொழிலாளர்களைத் தன் பாணியில் சொன்னது. படம் பார்த்துவிட்டு ஊரைத் தேடி வருகிறவர்கள் பெரும் பள்ளம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு பள்ளம் இங்கே இல்லை. அவர்கள் பார்ப்பது சையனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய வெண்சாம்பல் நிறக் கழிவு, ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. கோடைக்காற்றில் அந்தப் பொடி வீட்டுக்குள் வரும், கண்ணில் படும், சோற்றிலும் படும். ஆழம் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வடிவம் அந்த மேடுகள்தான். உள்ளே வெட்டிய வழிகளையெல்லாம் சேர்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீளத்தை ஆழமாக எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு. எல்லா லெவல்களிலும் பக்கவாட்டில் போன பாதைகளின் கூட்டுத்தொகை அது.

சுரங்கம் மூடப்பட்டதற்கும் ஆழமே காரணம் என்பது பாதி உண்மை. ஆழம் கூடக் கூட இறைக்கும் தண்ணீர், குளிரூட்டும் காற்று, இழுக்கும் வடம் எல்லாவற்றுக்கும் செலவு ஏறியது. கிடைத்த தங்கத்தின் அளவோ டன்னுக்குச் சில கிராமாக இறங்கிவிட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனதால்தான் கணக்கு முறிந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் எடுத்துக்கொண்டு, 1972இலிருந்து பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியபோதும் இந்த முறிவு தீரவில்லை. தங்கமே தீர்ந்துவிட்டது என்பதும் உண்மையல்ல, அன்றைய விலையில் எடுக்கக் கட்டுப்படியாகாத தங்கம் கீழே இருக்கிறது. இப்போது அரசுகள் பேசிக்கொண்டிருப்பது முக்கியமாக மேலே கிடக்கும் கழிவு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரிப்பதைப் பற்றி. அதற்கு ஆழம் தேவையே இல்லை.

இறைப்பு நின்றதும் தண்ணீர் ஏறியது. கீழ் லெவல்கள் மூழ்கிவிட்டன. இனி 3,200 மீட்டருக்குச் சாட்சி சொல்லக்கூடியவை சுரங்க வரைபடங்கள்தான். நாடாவைத் தொங்கவிட்டு, நீட்சியைக் கழித்து, சூட்டைத் திருத்தி, லெவல் லெவலாக வரைந்தவை அவை. கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடங்களையும் குறுக்குவெட்டுப் படங்களையும் சுரங்கப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அவற்றின் ஒரு பிரதியைத் தங்கவயலிலேயே, ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். கிப்போர்டு ஷாப்ட் எங்கே நின்றது, அடுத்த விசைப்பொறி எந்த லெவலில் இருந்தது, தங்கள் தாத்தா எந்த ஸ்டோப்பில், அதாவது பாறை வெட்டும் எந்த இடத்தில், வேலை செய்தார் என்று பேரப்பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்கட்டும். அதன் அடியில் எழுதவேண்டிய குறிப்பும் எளிது: சாம்பியன் ரீப் சுரங்கம், நில மட்டத்திலிருந்து செங்குத்தாகச் சுமார் 3,200 மீட்டர், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 2,300 மீட்டர், 2001இல் மூடப்பட்ட நிலையில்.